முப்பத்தாறாம் எண் வீட்டுக் காற்று

கரகண்டாவில் ஜனவரி.
மைனஸ் இருபத்தேழு.
காலை ஏழு மணியிலிருந்து என் கைப்பேசி சூடாக இருக்கிறது.
இந்தக் கட்டடத்தில் சூடாக இருப்பது அது ஒன்றுதான்.

மூன்றாம் மாடி வால்டெமார் ரைஸ்,
ரேடியேட்டரைத் தொட்டால் தவளை வயிறு என்கிறார்.
ஐந்தாம் மாடி லுட்மிலா க்வோன்
குழந்தைக்குத் தொப்பியைக் கழற்றாமல் கஞ்சி ஊட்டினாளாம்.
ஏழாம் மாடிக்காரர் பெயரைச் சொல்லவில்லை,
வசவை மட்டும் சொன்னார்.
ஒரே குழாய்ச் சரத்தில் கோத்த ஒன்பது வீடுகள்.
எல்லோருக்கும் ஒரே துப்பு:
பக்கத்து மாடிக்காரன் சூட்டைத் திருடுகிறான்.

சூட்டை அப்படித் திருட முடியாது, ஐயா.
(கொஞ்சம் முடியும். அது வேறு கதை.)

நிலவறைக்கு இறங்கினேன்.
பெரிய குழாயின்மேல் ஒரு பூனை
நான்கு காலையும் பரப்பிப் படுத்திருந்தது.
சரி, அனல்நிலையத்துத் தண்ணீர் இதுவரை வருகிறது.
அழுத்தமானியின் முள் ஐந்தில்.
வால்வு திறந்தே கிடக்கிறது.
மேலே போகும் குழாயில் கை வைக்க முடியவில்லை,
திரும்பி வரும் குழாய் பிணம்.
போனது திரும்பவில்லை என்றால்
வழியில் யாரோ உட்கார்ந்திருக்கிறார்கள்.

வாசலுக்கு வாசல் பூட்ஸைக் கழற்றினேன்,
வாசலுக்கு வாசல் என் காலுறையின் ஓட்டையைக் காட்டினேன்.
ஒன்றாம் மாடியில் கொதி.
இரண்டில் சூடு.
மூன்றில் வெதுவெதுப்பென்று சொல்லக் கொஞ்சம் தாராளம் வேண்டும்.
நான்கில் சூட்டைப் பற்றிய வதந்தி.
அதற்குமேல் வெறும் இரும்பு.

உள்ளங்கையில் பிடித்தால் கனமே இல்லாத காற்று
ஒன்பது மாடித் தண்ணீரை நிறுத்திவைக்கும்.
உச்சிக்குப் போய் உட்காரும், அவ்வளவுதான் அதன் வேலை.
உச்சியில் முப்பத்தாறாம் எண் கதவு.
திறக்கவில்லை.
ரொட்டித் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட், என்றார்கள்,
பகலெல்லாம் காதில் பஞ்சோடு தூங்குவாள்.
ஏழாம் மாடி, "கதவை உடை" என்றது.
நான் படியில் உட்கார்ந்து சூரியகாந்தி விதை கொறித்தேன்.

ஐந்தரைக்குத் திறந்தாள்.
கோட்டு, கம்பளிச் சால்வை, கம்பள பூட்ஸ், வீட்டுக்குள்ளேயே.
பின்னால் மின்னடுப்பின் நான்கு வட்டும் சிவந்து கிடந்தன,
மேலே பாத்திரம் எதுவும் இல்லை.
"பாக்கி கேட்க வந்தீர்களா?" என்றாள்.
மூன்று மாதப் பாக்கி.
சரத்திலேயே அதிகம் உறைந்தவள்,
எனக்கு ஃபோன் செய்யாத ஒருத்தி.

ரேடியேட்டரின் காற்றுத் திருகில்
பச்சை, பழுப்பு, வெள்ளை, மறுபடியும் வெள்ளை,
குடியிருந்தவர்களெல்லாம் ஒரு கோட் அடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.
கத்தியால் சுரண்டினேன்.
எனாமல் குவளையை அவள் பிடித்தாள்.
அரைச் சுற்று.

ஸ்ஸ்ஸ் என்று ஆரம்பித்தது.
நிற்கவே இல்லை.
பழைய ஆணி ஊறிய வாடை.
நாங்கள் இருவரும் பேசவில்லை,
தூங்கும் பிள்ளையின் அறையில் நிற்பவர்களைப்போல.
"இவ்வளவு காற்று எங்கிருந்து வந்தது?" என்றாள் கடைசியில்.

திங்கட்கிழமை கசிந்த இணைப்பை மாற்ற
இந்தச் சரத்தின் தண்ணீரை இறக்கியவன் நான்.
நிரப்பினேன். இந்தக் கதவைத் தட்டினேன்,
இரண்டே தட்டு. வேறு வீட்டில் அவசரம். போய்விட்டேன்.

"நான் விட்டது," என்றேன்.

திருகு இருமியது, கறுப்பாய்த் துப்பியது,
பிறகு நூல்போல் தண்ணீர்.
மூடினேன்.
சுவருக்குள் ஏதோ கடகடவென்று இறங்கி ஓடியது.
இரும்பு டிக் டிக்கென்று சோம்பல் முறித்தது.
சற்றுப் பொறுத்துக் கீழே யாரோ
கரண்டியால் குழாயை மூன்று முறை தட்டினார்கள்.
அவள் சால்வையை இறுக்கிக்கொண்டாள்.
"வசவில்லை," என்றேன். "அவர்களுக்கும் வந்துவிட்டது."

பாக்கியைப் பற்றி நான் எழுதவில்லை.
ஒரு பக்கம் கருகிய ரொட்டி ஒன்று கொடுத்தாள்;
கருகாதது விற்பனைக்குப் போய்விடுமாம்.

மறுநாள் காலை ஏழு மணி. வால்டெமார் ரைஸ்.
"சூடு தாங்கவில்லை, சன்னலைத் திறந்து வைத்திருக்கிறேன்.
வந்து ஏதாவது செய்."